பாகற்காயைத் துறந்த மனவீரன்

இருந்தவர்கள்: ரஞ்சினி அக்கா, முகுந்தன் அண்ணன், நான்.

இல்லாதவன்: அந்தோணி.

இது நடந்து ஒன்றரை மாதம் இருக்கும். ஈப்போவில் ரஞ்சினி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. நடுவில் மசால் வடை எட்டு. ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் பார்த்துச் சுட்டது. மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய விளையாட்டு மூன்றரை ஆகியும் தொடங்கவில்லை. அந்தோணியின் பங்கு வடையை யாரும் தொடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் சும்மா தாமதமாக வருகிறான் என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே அந்த இரண்டையும் நான் தின்றிருப்பேன்.

வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

"மூணாவது வாரம்," என்றார் ரஞ்சினி அக்கா. "மொத வாரம் கம்பார்ல ஏர்கான் வேலைன்னான். போன வாரம் சர்ச்சுல கூட்டம்னான். இன்னிக்கு அதுகூட சொல்லல. ரெண்டு வாரம் ஏதோ ஒப்பேத்தினேன் குணா. இனிமே ரெண்டு பேருக்கு மட்டும் கதை சொல்ல என்னால முடியாது. அடுத்த ஞாயிறும் அவன் வரலன்னா டின்ன ஸ்டோர்ல வைச்சிருவேன்."

டின் என்றால் பழைய பிஸ்கட் டின். பகடை, வரைபடம், பென்சில், நான்கு வருடக் கதை எல்லாம் அதற்குள்தான். அக்கா ஸ்டோரில் வைத்த பொருள் எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் வீட்டு ஸ்டோரில் ஒரு தையல் மெஷின், ஒரு சைக்கிள், ஒரு வயலின் இருக்கின்றன.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு ஓரளவு தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரை கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மேசை, நான்கு பேர். ஒருவர் கதை சொல்வார் — எங்களுக்கு ரஞ்சினி அக்கா. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவோம். "நான் சுவர் ஏறுகிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது. இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் ஏறுவீர்கள். சின்ன எண் விழுந்தால் இடுப்பு போகும்.

வளர்ந்தவர்கள் ஆடுகிற ஆட்டமா இது என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். ஐயா, ரஞ்சினி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மருந்தகம் வைத்திருக்கிறார். முகுந்தன் அண்ணன் அவருடைய சித்தி மகன்; அரசாங்கப் பல் டாக்டர். அந்தோணி ஏர்கான் டெக்னீஷியன். நான் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் குவாலிட்டி கண்ட்ரோல். நான்கு பேரும் வளர்ந்துவிட்டோம். அதனால்தான் ஆடுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்காக ஈப்போவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஞாயிறு மூன்று மணிக்கு வரவில்லையென்றால், "குணாவ எங்க காணோம்?" என்று கேட்கிற இடம் இந்த ஊரில் எனக்கு இது ஒன்றுதான். டின் ஸ்டோருக்குப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சரி, அந்தோணி ஏன் வரவில்லை?

என்னால்தான்.

இந்த ஆட்டத்தில் பாத்திரங்களுக்கு வகை உண்டு. வாள்வீரன், திருடன், வைத்தியன், மந்திரவாதி என்று. ஒவ்வொரு வகைக்கும் என்ன முடியும், என்ன முடியாது என்று விதி இருக்கும். அந்தோணி வாள்வீரன். நான் திருடன். முகுந்தன் அண்ணனுடைய வைத்தியன் ஒரு சுண்ணாம்புக் குகையில் தவறி விழுந்து செத்துப்போனான். "புதுசா ஏதாவது எடு," என்றார் அக்கா. அண்ணன் நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அடிக்கணும். ஆனா தொடக் கூடாது."

அன்று அவர் பேசியதே அந்த நான்கு வார்த்தைதான்.

நாள் பூராவும் அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டுக்கொண்டிருக்கிறவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. நான் கையைத் தூக்கினேன். "புது வகை ஒண்ணு நான் எழுதித் தாரேன்."

மனவீரன் அப்படித்தான் பிறந்தான். மனசக்தியால் சண்டை போடுகிற கைச்சண்டைக்காரன். எதிரியின் அடுத்த அசைவை அவன் மனதிலிருந்தே படித்துவிடுவான். பத்தடி தள்ளி நின்று காற்றில் ஒரு குத்து விட்டால், அங்கே தாடை திரும்பும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிப்ளோமா வாங்கியவன் நான். அப்பா சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அம்மா கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் இல்லை. இப்படி ஒரு வீட்டிலிருந்து படித்து வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சும்மா செய்யத் தெரியாது. அட்டவணை போட வேண்டும். பக்க எண் போட வேண்டும். மனவீரனுக்கு நான் எழுதிய விதிப் புத்தகம் முப்பத்தொரு பக்கம். அட்டையை லேமினேட் செய்திருந்தேன். ஊருக்குப் போனபோது கொண்டுபோயிருந்தேன். அம்மா மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பரீட்ச எப்பப்பா?"

பரீட்சை ஞாயிறுதோறும் நடந்தது. ஃபெயிலும் ஞாயிறுதோறும் ஆனேன்.

முதல் மனவீரனை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. அசைவைப் படிப்பது ஒரு சக்தி. தூரத்துக் குத்து இன்னொரு சக்தி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாது. சேர்ந்தால்? எதிரி என்ன செய்யப்போகிறான் என்று முன்கூட்டியே தெரியும். அவன் கிட்டே வருவதற்குள் அடித்தும் ஆயிற்று. ரஞ்சினி அக்கா இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு கொள்ளைக்காரத் தலைவனை உருவாக்கியிருந்தார். அவனுக்குச் சோகமான இளமைப் பருவமெல்லாம் எழுதி வைத்திருந்தார். முகுந்தன் அண்ணன் ஒன்றரை நிமிடத்தில் அவனை முடித்துவிட்டார். அந்த இளமைப் பருவம் இன்னும் டின்னுக்குள் மடித்தபடியே கிடக்கிறது.

உடனே களைப்பு விதி கொண்டுவந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் மூளை களைக்கும்; மூன்றுக்கு மேல் போனால் மயக்கம். கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? இரண்டாவது மனவீரன் வாரம் தவறாமல் மூன்றாவது சுற்றில் மயங்கி விழுந்தான். மலையிலிருந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியது அந்தோணியின் வாள்வீரன்.

"இவரத் தூக்கறதுக்கா மச்சான் நான் வாள் கத்துக்கிட்டேன்?" என்றான்.

எங்கள் தொழிற்சாலையில் கையுறையைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. உள்ளே ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் சொட்டும். எந்த விரல், எந்த இடம் என்று தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். நானும் வாராவாரம் மனவீரனைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கட்டை விரலை அடைத்தால் சுண்டு விரலில் சொட்டியது.

சக்தியைக் கூட்டினால் மற்றவருக்கு வேலையில்லை. குறைத்தால் மனவீரனுக்கே வேலையில்லை. அப்படியென்றால் சக்தியை விட்டுவிட்டு விலையைப் பார்ப்போமே என்று தோன்றியது. மனசக்திக்கு என்ன விலை வைக்கலாம்? வெறும் புள்ளியாக இல்லாமல், நிஜமாகவே வலிக்கிற ஒன்றாக...

மௌன விரதம்.

மனசக்தியை எடுத்த நொடியிலிருந்து மறுபடி தன் முறை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பாத்திரத்துக்கு அல்ல, ஆடுகிற ஆளுக்கு இந்த விரதம். 'ம்' கூடக் கொட்டக் கூடாது. கொட்டினால் சக்தி கலையும், பாத்திரத்தின் உயிர்ப்புள்ளியில் ஐந்து போகும்; எல்லாம் தீர்ந்தால் சாவு.

நான் ஏழு வயது வரை தோட்டத்து லயத்தில் இருந்தவன். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள்; இடைச்சுவர் கூரை வரை போகாது. நான்காவது வீட்டில் "உப்ப எங்க வைச்சேன்?" என்று கேட்டால் முதல் வீட்டிலிருந்து பதில் வரும். எங்கள் ஆட்களில் ஒருவன் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பேசாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்ன? இருந்தாலும் ஒரு சனிக்கிழமை கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எனக்கு நானே சோதித்துப் பார்த்தேன். நான்காவது நிமிடம் பக்கத்து ரூம்காரன் "சாப்ட்டியா?" என்றான். "இன்னும் இல்ல," என்றேன். விரதம் போயிற்று.

எவ்வளவு கடுமையான விலை பார்த்தீர்களா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு ஆளை வைத்துச் சோதனை. அதுவும் என்னையே வைத்து. தொழிற்சாலையில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் சூப்பர்வைசர் அதைச் சுருட்டி என் தலையிலேயே தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை புத்திக்கு அது எட்டவில்லை.

ஓட்டை எங்கே என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். முகுந்தன் அண்ணன் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசுவது ஏழெட்டு வாக்கியம். அதில் இரண்டு "டீ இருக்கா?" அவருக்கு நான் மௌன விரதம் விதித்தது, மீனைத் தண்ணீரில் முக்கித் தண்டித்த கதை.

விதியைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். அவருடைய பல்லை நான் பார்த்தது அன்றுதான். பிறகு மனசக்தியை எடுத்தார். கையைக் கட்டிக்கொண்டார். "எந்தப் பக்கம் அடிக்கிற முகுந்தன்?" என்று அக்கா கேட்டால் பென்சிலால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். டீயைக் குடித்தார். அங்கே பத்துப் பேர் சுருண்டு விழுந்தார்கள். இப்படியே மூன்று வாரம். ஒரு தடவைகூட விரதம் கலையவில்லை.

நான்காவது வாரத்திலிருந்து அந்தோணி வரவில்லை.

வடை தொடப்படாத அந்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய், ஷிப்ட் முடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு கடைவீட்டு மாடியில் ஏர்கான் கழுவிக்கொண்டிருந்தான். ஏணியின் மேல் கால் மட்டும் தெரிந்தது.

"மச்சான்."

கீழே குனிந்து பார்க்கவில்லை. "ஃபில்டரப் புடி."

பிடித்தேன். ஒரு வருட அழுக்கு என் யூனிஃபார்மில் இறங்கியது. வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

"ஏன் வரல?"

"வேல."

"ஞாயித்துக்கிழம மூணு மணிக்கா?"

"ஏர்கானுக்கு ஞாயிறு தெரியுமா?"

தண்ணீரைப் பீய்ச்சி முடித்தான். பிறகு அவனே இறங்கி வந்தான்.

"கடைசியா வந்த மூணு வாரத்துல நான் என்ன செஞ்சேன், சொல்லு பாப்போம்."

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"கதவு தொறந்தேன்," என்றான். "ரெண்டு கதவு. அதுல ஒண்ணு பூட்டவே இல்ல லா. நான் வாள உருவறதுக்குள்ள அக்கா 'சரி, சண்ட முடிஞ்சிச்சி'ங்கறாங்க. வாரம் பூரா மத்தவன் வீட்டுச் சுவத்துல ஏணி போட்டு நிக்கிறவன் மச்சான் நான். ஞாயிறு ஒரு நாளுதான் கையில வாள் இருக்கு. அதையும் டாக்டரு டீ குடிச்சிக்கிட்டே முடிச்சிர்றாரு."

"அவரும் விலை குடுக்கறாருல்ல. மௌன விரதம்..."

அந்தோணி என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஓடாத ஏர்கானைப் பார்க்கிற பார்வை.

"எட்டு வயசுல தவக்காலத்துக்கு நான் எத விட்டேன் தெரியுமா?"

அந்தோணி வீடு கத்தோலிக்க வீடு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், ஆளுக்கு ஒரு பிடித்த பொருளை விட்டுவிடுவார்கள்.

"எத?"

"பாகற்காய். நாப்பது நாளும் தொடல. ஒரு நாள்கூட தவறல. ஃபாதர்கிட்ட போயி பெருமையா வேற சொன்னேன்."

"உனக்கு பாகற்காய் புடிக்குமா?"

"செத்தாலும் திங்க மாட்டேன்."

கையிலிருந்த ஃபில்டரைக் கீழே வைத்தேன்.

"அதோட எங்கம்மா சட்டத்த மாத்திட்டாங்க. இன்னி வரைக்கும் அதான் எங்க வீட்டுல. எத விடணும்னு நம்ம வாயால சொல்லக் கூடாது. சாப்பாட்டு மேசைல பக்கத்துல ஒக்காந்திருக்கவங்க சொல்லணும். போன வருஷம் என் தங்கச்சி எனக்கு என்ன வைச்சா தெரியுமா? 'நான்தான் அப்பவே சொன்னேன்ல'ங்கற பேச்சு நாப்பது நாளைக்கி வாயில வரக் கூடாதுன்னா."

"எத்தன நாள் தாங்குன?"

"மூணு." துணியால் கையைத் துடைத்துக்கொண்டான். "உங்க டாக்டர் விட்டது பாகற்காய் மச்சான். நீ அதுக்கு பாயிண்ட்ஸ் வேற குடுத்துக்கிட்டிருக்க."

முப்பத்தொரு பக்கத்திலும் இல்லாத ஒன்றை இப்படி ஏணிக்கடியில் வைத்துச் சொல்லிவிட்டான். விலை எவ்வளவு என்று நான் அட்டவணை அட்டவணையாகப் போட்டிருந்தேன். கொடுக்கிறவர் யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஞாயித்துக்கிழம வா," என்றேன். "டாக்டருக்குப் பக்கத்துல ஒக்காரு. அவரு விரதம் என்னன்னு நீ சொல்ற."

ஏணியில் பாதி ஏறியவன் நின்றான். "தவறுனா அஞ்சு உயிர்ப்புள்ளி, அது அப்டியேதான?"

"அப்டியேதான்."

"வாரேன்."

மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் மௌன விரதம் பற்றிய மூன்று பக்கத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: மனவீரனை ஆடுகிறவரின் விரதத்தை அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் விதிப்பார்.

அந்த ஞாயிறு நான்கு பேரும் இருந்தோம். வடை பத்து. கூடுதல் இரண்டையும் அக்கா அந்தோணி பக்கம் நகர்த்தி வைத்தார்.

புது விதியைப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. "ஒரு வேளை குணாவே மனவீரன எடுத்தான்னா?"

"புத்தகத்தத் தொடக் கூடாது," என்றான் அந்தோணி. யோசிக்கவே இல்லை. முகுந்தன் அண்ணன் தலையாட்டினார். அவரும் யோசிக்கவில்லை.

பிறகு அந்தோணி நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "டாக்டர், மனசக்தி எடுக்கறப்பல்லாம் நீங்க அஞ்சு வாக்கியம் பேசணும். சத்தமா. 'ஆமா', 'இல்ல', 'டீ இருக்கா' — இதெல்லாம் கணக்குல வராது."

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று அக்கா ஒரு சின்ன மணல்கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் இரண்டு நிமிடம் பல் துலக்குவதற்காக அண்ணன் தன் கிளினிக்கில் கொடுப்பது. அவர் கொடுத்த ஆயுதம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் ஒரு மணி நேரம் அண்ணன் மனசக்தியைத் தொடவே இல்லை. மனவீரன் சும்மா ஒரு கம்பை வைத்து ஒப்பேற்றினான். அந்தோணிக்குப் பொற்காலம். ஏழு பேரை வெட்டினான். கதவைக்கூட உதைத்துத்தான் திறந்தான். எட்டாவது ஆளைத் துரத்திக்கொண்டு போனபோதுதான், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு பழைய ஈயக்குளம் வந்தது.

"தண்ணி கறுப்பா இருக்கு," என்றார் அக்கா. "ஒரு மரக்கட்ட மெதக்குது."

"கட்ட மேல கால வைச்சித் தாவுறேன்," என்றான் அந்தோணி.

பகடையில் இரண்டு விழுந்தது. மரக்கட்டை வாயைத் திறந்தது.

நான்கு வருடமாக வளர்த்த வாள்வீரன், இடுப்பு வரை முதலை வாய்க்குள். மிச்சம் நான்கு உயிர்ப்புள்ளி. அடுத்த கடியில் முடிந்துவிடும்.

"குணா?"

"கயிறு வீசுறேன் அக்கா." உருட்டினேன். மூன்று. கயிறு என் திருடனின் காலிலேயே சுற்றிக்கொண்டது.

எல்லோரும் முகுந்தன் அண்ணனைப் பார்த்தோம். அந்தோணி மட்டும் பகடையைப் பார்த்தான். விரதத்தை வைத்தவனே அவன்தான், எப்படிக் கேட்பான்? அண்ணன் மணல்கடிகாரத்தைத் தன் கையாலேயே கவிழ்த்து வைத்தார்.

"என் ஆளு கரையில நின்னு கண்ண மூடுறான்."

"ஒண்ணு," என்றார் அக்கா.

"முதலையோட வாய்க்குள்ள மனசால எட்டிப் பாக்குறான்."

"ரெண்டு."

"மேல் வரிசைல எடது பக்கம் மூணாவது பல்லு ஆடுது, ஈறு வீங்கியிருக்கு."

"மூணு." சிரிப்பை அடக்கியதில் அக்காவின் உதடு துடித்தது. நான் மேசைக்கடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

அப்புறம் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அந்தோணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு பாகான் செராய்க்கு மாத்தல் வந்திருக்கு," என்றார் அண்ணன்.

எண்ணுவதற்குத் தூக்கிய விரலை அக்கா மடக்கிக்கொண்டார்.

கடைசியில் அந்தோணிதான் கேட்டான், மெதுவாக: "அக்கா, அது கணக்குல வருமா?"

"வாக்கியம் வாக்கியம்தான்," என்றார் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாலு."

"அடுத்த மாசம் போகணும், இதச் சொல்லணும்னு ஏழு ஞாயிறா வந்து வந்து திரும்பிப் போறேன்."

"அஞ்சு."

அண்ணன் பகடையை உருட்டினார். பதினேழு.

அக்கா கதைசொல்லி. வீட்டுக் கூரை பறந்தாலும் முதலில் கதையை முடிப்பவர். "ஆடுற பல்லு தானா கழண்டு தண்ணில விழுது," என்றார். "முதல வலி தாங்காம வாயத் தொறக்குது. அந்தோணி, நீ வெளிய விழுற. போறப்போ பல்லு கீறினதுல மூணு புள்ளி போகுது. மிச்சம் ஒண்ணு." பிறகுதான் தம்பி முகுந்தனைத் திரும்பிப் பார்த்தார். "சித்திக்குத் தெரியுமா?"

அண்ணன் இல்லையென்று தலையாட்டினார்.

"தலையாட்டுனா கணக்குல வராது டாக்டர்," என்றான் அந்தோணி.

"தெரியாது," என்றார் அண்ணன். "இங்கதான் மொதல்ல சொல்றேன்."

எனக்கு அப்போதுதான் கணக்கு உறைத்தது. ஏழு ஞாயிறு. ஏறக்குறைய என் மௌன விதியும் அதே ஏழு ஞாயிறுதான். மனிதர் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாமல் வாராவாரம் வந்து உட்கார்ந்திருக்கிறார். நானோ, "வாயைத் திறந்தால் ஐந்து புள்ளி போகும்" என்று எழுதி, லேமினேட் போட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் இருப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது என் புத்தகம்.

அக்கா டின்னை இழுத்துப் பகடையைப் போட்டார். வரைபடத்தை மடித்தார். மூடியை அழுத்தி மூடினார். டின்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் இருக்கிற திசையில்தான் நடந்தார். எனக்கு அந்த வயலின் ஞாபகம் வந்தது.

ஸ்டோர் கதவைத் தாண்டிப் போய், வாசல் அலமாரியில் கார் சாவிக்குப் பக்கத்தில் டின்னை வைத்தார்.

"பாகான் செராய் எவ்ளோ நேரம் புடிக்கும்?"

"ஒரு மணி நேரம்," என்றேன். "கொஞ்சம் கூட ஆகும்."

அந்தோணி வடையை எடுத்துக் கடித்தான். அது அவனுடையது அல்ல, என்னுடையது. "டாக்டர், அங்க குவார்ட்டர்ஸ்ல ஏர்கான் இருக்கா?"

"ஒண்ணு இருக்காம். சத்தம் போடுமாம்."

"அப்ப சுசா, கஷ்டம்தான். நான் வந்துதான் ஆகணும்."

மனவீரன் இப்போது சரியாக இருக்கிறானா என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் அவன் பின்னால் நான் செலவழித்த ஞாயிறுகள் அப்படி. ஒரே விலையை எல்லோருக்கும் வைத்தால் அது யாராவது ஒருவருக்கு இலவசமாகிவிடும். நாம் துறந்ததாகச் சொல்லிக்கொள்வதில் பாதி பாகற்காய்தான். ஃபேஸ்புக்கை விட்டுவிட்டேன் என்று இதே பத்தியில் நான் பெருமையடித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பாராட்டிக் கடிதம்கூட எழுதினீர்கள். உண்மையில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

உங்கள் விரதம் நிஜமா என்று தெரிய வேண்டுமா? பக்கத்து நாற்காலிக்காரரைக் கேளுங்கள். அவருக்கு அட்டவணை தேவைப்படாது.

சென்ற ஞாயிறு பாகான் செராய்க்குப் போனோம். அந்தோணியின் வேனில் மூன்று பேர், ஒரு ஏணி, ஒரு டின். அண்ணனின் குவார்ட்டர்ஸில் ஜன்னலுக்கு வெளியே நெல்வயல், உள்ளே காலை மடக்கிய மேசையைத் தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தோணி முதலில் ஏர்கானைப் பிரித்தான், பிறகுதான் வாளை எடுத்தான். முகுந்தன் அண்ணன் இப்போது ஐந்து கேட்டால் ஒன்பது வாக்கியம் பேசுகிறார். சுகமாக இருக்கிறது என்கிறார். அப்படியென்றால் அதுவும் பாகற்காயாகிக்கொண்டிருக்கிறது, விரதத்தை மாற்ற வேண்டும் என்று அந்தோணி சொல்கிறான். இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "எழுது," என்றார். ஒரே வார்த்தை. கணக்கில் வராது.

திரும்பி வரும்போது வேனில் உட்கார்ந்து புத்தகத்தைத் திருத்தினேன். போகவர டோல், பெட்ரோல், நாலு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ், ஏர்கானுக்கு ஒரு கெப்பாசிட்டர். எல்லாவற்றையும் கூட்டினேன். இருபத்தேழாம் பக்கத்தில் 'தொடாமல் பல் பிடுங்குதல்' என்று ஒரு புது அடி சேர்ந்திருக்கிறது. அதற்கு எதிரே, 'விலை' என்ற கட்டத்தில்: நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் எண்பது சென்.